சொல்லக் கூசும் தொல்லையும் சொல்லித் தரத்தக்க பயிற்சியும்

உவரி புனித அந்தோணியார் திருத்தலத்திற்குச் செவ்வாய்க்கிழமைகளில் வந்து குவியும் மக்களை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருக்கக்கூடும். பெண்களும் பிள்ளைகளும் பீடத்தை நெருங்கி அமர முந்துவார்கள். வயது முதிர்ந்த ஆண்களில் சிலரோ உள்ளே வராமல், வாசலை ஒட்டியோ வெளியே மணலிலோ நின்றுவிடுவார்கள். மறையுரை நடந்துகொண்டிருக்கும்போதே நழுவி மறைவார்கள். சற்று நேரம் சென்று திரும்புவார்கள். ஆண்களுக்குப் பக்தி குறைவு என்றே நாமும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தைத் திருத்தியவர் நமக்கு உறவுமுறையான ஒரு பெரியவர். நாற்பது ஆண்டுகள் கடலோடு போராடியவர். புயலுக்கும் அஞ்சாதவர். ஒரு செவ்வாயன்று அவரை உள்ளே வருமாறு அழைத்தபோது, நம்மைத் தனியே கூட்டிச் சென்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "பூசைக்கு வர்றதுக்கு முந்தின ராத்திரியே தண்ணி குடிக்கிறத நிறுத்திருதேன், தம்பி. அப்படியும் முழங்கால்ல இருந்து எந்திக்கும்போது வேட்டி நனைஞ்சிருது. இத்தனை பேர் மத்தியில அவமானப்படவா?"

இது அவர் ஒருவருடைய கதையன்று. அறுபது வயதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கும் என்பது மருத்துவர் கணக்கு. வயது ஏற ஏற இந்த அளவும் ஏறுகின்றது. பெருத்தவர் எல்லாரும் துன்புறுவதில்லை என்பது உண்மையே. துன்புறுகிறவர்கள் வாய் திறப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. பெண்களுக்காவது பேறுகாலத்தில் செவிலியர் ஒருவர் இத்தகைய காரியங்களைக் கேட்டறிகின்றார். ஆணுக்கு அப்படிக் கேட்பார் எவருமில்லை. துவைக்கும் துணியைக் கொண்டு மனைவி அறிந்திருப்பாள், அவளும் கேட்கமாட்டாள். திருமண வீடு, இழவு வீடு, திருவிழா, பேருந்துப் பயணம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்து, கடைசியில் ஞாயிறு திருப்பலியையும் தவிர்த்து வீட்டுத் திண்ணையே கதியெனக் கிடக்கும் முதியவர் எத்தனை பேர்!

தண்ணீரைக் குறைப்பதே இவர்கள் தாமாகக் கண்டுபிடித்த மருந்து. அது மருந்தன்று. நீர் குறையும்போது சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்துகின்றது. உறுத்தவே முன்னிலும் விரைவில் நீர் முட்டுகின்றது. மலச்சிக்கல் வேறு சேர்ந்துகொள்ளும். நம் கடற்கரை வெயிலில் மயக்கமும் வரலாம். ஆகவே இத்தொல்லையின் காரணத்தையும், அதற்கென உள்ள எளிய பயிற்சி ஒன்றையும் வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே எழுதத் துணிகின்றோம். இல்லத்தரசிகளும் இதனைப் படிக்கலாம். படித்துவிட்டுப் பக்கத்தை மடித்து, வீட்டுப் பெரியவர் கண்ணில் படுமாறு வைத்துவிட்டாலே போதும்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவிருக்கும். சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே, நீர் வெளியேறும் குழாயை விரலைச் சூழ்ந்த மோதிரம் போலச் சூழ்ந்திருக்கின்றது. இக்குழாய்க்கு இரண்டு மடைகள் உண்டு. முதல் மடை பையின் கழுத்தில் இருப்பது. அது நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் தானே இயங்குவது. இரண்டாவது மடை சுரப்பிக்குக் கீழே இருப்பது. அது நாம் நினைத்தால் இறுகும், நினைத்தால் தளரும். இவை அனைத்தையும் கீழிருந்து தாங்கும் தசை ஒன்று உள்ளது. முன்புறத்து இடுப்பெலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரை, குழந்தைக்குக் கட்டும் ஏணைச் சீலை போல அது விரிந்து கிடக்கின்றது. அதனை இடுப்புத் தளத் தசை என்று அழைப்போம். கைத்தசையும் கால்தசையும் உழைப்பால் உரம் பெறுவதுபோல இத்தசையும் பயிற்சியால் உரம் பெறும். வலை இழுத்துத் தோள் திரண்ட ஒருவருக்கு, தம்மிடம் இப்படியொரு தசை இருப்பதே அறுபது வயது வரை தெரியாமல் போய்விடுவதுதான் விந்தை.

பயிற்சியைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இதனைத் தாண்டிச் செல்லாதிருக்க வாசகர்களை வேண்டுகின்றோம். நீர் ஒழுகுவதெல்லாம் ஒரே நோயன்று. சுரப்பி பெருத்துக் குழாயை நெரித்துவிட்டால், பை முழுதும் காலியாவதில்லை. நிரம்பிய தொட்டியின் விளிம்பில் வழிவது போலச் சொட்டுச் சொட்டாக நீர் வழியும். நீர்த்தாரை மெலிந்து, முக்கினால்தான் இறங்கும்; கழித்து முடித்த பின்னும் மிச்சமிருப்பது போலவே தோன்றும்; இரவில் தன்னையறியாமல் படுக்கை நனையும். இத்தகையவருக்குத் தேவை அடைப்பு நீங்குவதே ஒழிய மடையை இறுக்குவதன்று. அடைப்பை வளரவிட்டால் வலி ஏதுமின்றியே சிறுநீரகங்கள் பழுதடையக்கூடும். சிறுநீரில் இரத்தம் கண்டவர், காய்ச்சலோடு எரிச்சல் உள்ளவர், திடீரென நீர் முற்றிலும் நின்றுபோனவர் ஆகியோர் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும். நீர் நின்றுபோனவர் அந்த நாழிகையே செல்ல வேண்டும். அடிக்கடி நீர் கழிவது சர்க்கரை நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். அடிவயிற்றிலும் இருக்கைப் பகுதியிலும் ஓயாத வலி உள்ளவர்க்கு அத்தசை ஏற்கெனவே இறுகிப் போயிருத்தல் கூடும். அவர் கற்க வேண்டியது தளர்த்தும் பயிற்சி.

நம் பெரியவர் முதல் வகையைச் சேர்ந்தவர். அது தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொற்படி நெருஞ்சில் கஷாயத்தை இரண்டாண்டுகள் குடித்துக்கொண்டிருந்தார். சித்த மருத்துவத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு தொடங்கி அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடந்து வருகின்றது. நோய் இன்னதென்று நாடி அறிந்த பின்னரே மருந்து கொடுப்பதுதான் அங்கும் முறை. பரிசோதனையே இல்லாமல் கேட்டதைக் குடிப்பதுதான் பிழை. ஒரு நள்ளிரவில் அவருக்கு நீர் அடியோடு நின்றுவிட்டது. துடித்தவரைக் காரில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். குழாய் செருகி நீரை வெளியேற்றி, பின்னர் நீர்ப் பாதை வழியாகவே கருவியை நுழைத்துச் சுரப்பியின் பெருத்த பகுதியைச் சுரண்டி எடுத்தார்கள். தாரை நன்றாயிற்று. ஆனால் குழாயை எடுத்த பின் இருமினாலும் எழுந்தாலும் நீர் கசிந்தது. "அறுத்தும் விடியல" என்று அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இதில் வியப்பொன்றுமில்லை. ஆண்டுக்கணக்காக அடைப்போடு போராடிய பை, அடைப்பு நீங்கியதும் உடனே அமைதியடைவதில்லை. சில வாரங்களுக்குச் சிறிது நிறைந்தாலும் துடிக்கும். அறுவையின்போது பையின் கழுத்திலுள்ள முதல் மடையும் ஓரளவு தளர்ந்துவிடுகின்றது. புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றியவர்க்கு இத்தளர்ச்சி மேலும் மிகுதி. அதுவரை துணைக்கு நின்ற இரண்டாவது மடை, இப்போது தனியொருவனாய்க் காவல் காக்க வேண்டியதாகின்றது. அதற்கு வலுவூட்டுவதே பயிற்சியின் நோக்கம்.

இதனை மருத்துவ உலகில் பரப்பியவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர் ஆர்னால்டு கேகல். பேறுகாலத்தால் தசை தளர்ந்து நீர் கசியும் பெண்களுக்கென 1948ஆம் ஆண்டில் அவர் இதை எழுதி வெளியிட்டார். இன்றும் கேகல் பயிற்சி என்றே வழங்குகின்றது. ஆண்களுக்கும் அதே தசை உண்டென்பதை நினைத்து அவர்களுக்குப் பரவலாகக் கற்பிக்கத் தொடங்கியது பல ஆண்டுகள் கழித்தே. நம் நாட்டு யோக நூல்களில் மூலபந்தம் என்று கூறப்படுவதும் இத்தசையைச் சுருக்குவதேயாகும். அடயோகப் பிரதீபிகை அதை விவரிக்கின்றது. அந்நூலின் நோக்கம் வேறு, மருத்துவரின் நோக்கம் வேறு. யோகம் என்றாலே தயங்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அமெரிக்க மருத்துவரின் பெயரைச் சொல்லிக்கொள்ளட்டும். தசை ஒன்றுதான்.

முதலில் தசையைக் கண்டுகொள்ள வேண்டும். பாதிப்பேர் தவறுவது இங்கேதான். பலர் கூடியிருக்கும் இடத்தில் வயிற்றுக் காற்றை அடக்கிக்கொள்வது போல மலவாயைச் சுருக்கி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் இழுங்கள். அவ்வாறே பாய்கின்ற சிறுநீரைப் பாதியில் நிறுத்த முயல்வதாக எண்ணிக்கொண்டு முன்பகுதியையும் இழுங்கள். முறையாகச் செய்தால், ஆண்குறியின் அடிப்பகுதி சற்று உள்ளிழுபடுவதையும் விதைப்பை சிறிது மேலெழுவதையும் கண்ணாடியில் காணலாம். உண்மையிலேயே நீர் கழிக்கும்போது நிறுத்திப் பார்ப்பதை, தசையை அடையாளம் காண்பதற்காக ஓரிரு முறை செய்யலாம். அதையே அன்றாடப் பயிற்சியாகக் கொள்ளலாகாது, பை முழுதும் காலியாகாமல் போகும். நீரை நெடுநேரம் அடக்கி வைத்திருப்பதும் பயிற்சியாகாது.

வயிற்றை எக்காதீர்கள். தொடைகளையும் பிட்டத்தையும் இறுக்காதீர்கள். மூச்சை அடக்காதீர்கள், மூச்சு இயல்பாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடலில் வலையிழுக்கும்போது மூச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி முக்குகிறோமே, அதற்கு நேர்மாறானது இது. பெரியவர் முதல் வாரம் முழுவதும் முகம் சிவக்க முக்கிக்கொண்டிருந்தார்! பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் பார்த்துத் திருத்தினார். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக்கூட நாம் ஏதோ செய்கிறோம் என்று தெரியாமலிருந்தால் அதுவே சரியான முறை.

தொடக்கத்தில் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டு செய்வது எளிது. தசையை இறுக்கி இரண்டு மூன்று விநாடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முற்றிலும் தளர விடுங்கள். தளர்வதும் பயிற்சியின் பாதி. நாளடைவில் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிப் பத்து விநாடிகள் வரை கொண்டு வரலாம். இப்படிப் பத்து முறை. பின்னர் விரைவாக இறுக்கி விரைவாக விடும் சுருக்கங்கள் பத்து முறை. இது ஒரு வேளைக்குரியது. காலை, நண்பகல், இரவு என நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். சில வாரங்களில் உட்கார்ந்தும், பின்னர் நின்றும் செய்யப் பழகுங்கள். நீர் கசிவது பெரும்பாலும் நிற்கும்போதுதான் அல்லவா? ஆர்வத்தால் இதற்கு மேல் செய்தால் தசை களைத்துப் போய் மாலையில் ஒழுக்கு கூடும்.

நம் முதியவர்களில் பலர் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து எண்ண மாட்டார்கள். அவர்களுக்கு வேறொரு கடிகாரம் பழக்கம். ஒரு மங்கள வார்த்தைச் செபத்தை நிதானமாகச் சொல்லப் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் ஆகும். அதன் முற்பகுதிக்கு இறுக்கமும் பிற்பகுதிக்குத் தளர்வும் எனப் பெரியவர் தாமே ஒரு கணக்கு வகுத்துக்கொண்டார். செபமாலையை இதற்குப் பயன்படுத்துவது தகுமா என்று அவருடைய மகள் ஐயுற்றாள். நாம் அதில் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. பத்து மணிக்குப் பத்துச் சுருக்கம் என்னும் கணக்கு மட்டும் அவருக்கு ஒரு நாளும் தவறவில்லை.

தசை வலுப்பெறுவது ஒருபுறமிருக்க, வேண்டிய நொடியில் அதனைப் பயன்படுத்தவும் கற்க வேண்டும். இருமல் வருகிறதென்று தெரிந்தவுடன், தும்முமுன், நாற்காலியிலிருந்து எழுமுன், மீன் கூடையைத் தூக்குமுன் தசையை இறுக்குங்கள். இறுக்கியபடியே செயலை முடியுங்கள். திருப்பலியில் முழங்காலிட்டு எழும் தருணமும் இத்தகையதே. திடீரென நீர் முட்டிக்கொண்டு வருபவர், உடனே ஓடாமல் அசையாது அமர்ந்து ஐந்தாறு முறை விரைவாக இறுக்கி விட்டால், அந்த முட்டல் பெரும்பாலும் தணியும். தணிந்த பின் நிதானமாக நடந்து செல்லலாம். ஓடினால்தான் வழியில் நனைகின்றது.

நீர் கழித்து வேட்டியைச் சரிசெய்த பின் சில சொட்டுகள் ஒழுகுவது நடுவயதினரிடமும் உண்டு. குழாயின் வளைவில் தங்கிய நீர் அது. கழித்து முடித்ததும் ஒரு முறை வலுவாக இறுக்குங்கள். பின்னர் விதைப்பைக்குப் பின்புறம் விரல்களை வைத்து, மேலும் முன்னும் நோக்கி மெல்ல வழித்துவிட்டால் அது வெளியேறிவிடும்.

பலன் உண்டா? மறைக்காமல் சொல்வோம். பெல்ஜியத்தின் லூவென் நகரில் புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றிக்கொண்ட 102 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு ஒழுக்கு நின்றிருந்தது. பெறாதவர்களில் 56 பேருக்கே நின்றிருந்தது. ஆனால் 2011இல் வெளியான பிரிட்டானிய ஆய்வு வேறுவிதமாகக் கூறுகின்றது. வல்லுநர் ஒருவர் தனித்தனியே கற்பித்த பிரிவினருக்கும் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினருக்கும் ஓராண்டு முடிவில் வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வோ, அறுவை முடிந்து ஓராண்டு கடந்தும் ஒழுக்கு நீங்காதவர்களை எடுத்துக்கொண்டது. பயிற்சியும் பழக்க மாற்றமும் மேற்கொண்டவர்களுக்கு ஒழுகும் தடவைகள் நூற்றுக்கு 55 பங்கு குறைந்தன; மற்றவர்களுக்கு 24 பங்கே குறைந்தன. இவற்றைச் சேர்த்துப் பார்த்து நாம் கொள்ளும் கருத்து இது: அறுவைக்குப் பின் காலமே பலரைக் குணமாக்குகின்றது, பயிற்சி சிலருக்கு அதை விரைவுபடுத்துகின்றது, நெடுநாள் பட்டவருக்கும் துன்பத்தைக் குறைக்கக் கூடும். காசு செலவில்லை. முறையாகச் செய்தால் தீங்கும் இல்லை. ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பொறுமை வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் முன்கூட்டியே கற்றுக்கொள்வது நன்று. குழாய் செருகியிருக்கும் நாட்களில் மட்டும் நிறுத்தி வைத்து, எடுத்த பின் மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம்.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நம் மக்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று அழைப்பது, 1965ஆம் ஆண்டில் உருவான கல்லூரியைச் சேர்ந்தது. அங்குப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி, வீட்டை விட்டு வர இயலாதவரின் இல்லத்திற்கே பிசியோதெரபிஸ்டு வருவதற்கும் வகையுண்டு. ஊர்ச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டாரும் செய்ய வேண்டியன உண்டு. இரவில் கொல்லைப்புறத்திற்கு இருட்டில் எழுந்து போய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர் ஏராளம். கட்டிலருகே மூடியுள்ள ஒரு நீர்க்குடுவையும், கைக்கெட்டும் தூரத்தில் விளக்கும் இருந்தால் இது நேராது. தண்ணீரைப் பகலில் தாராளமாகக் கொடுங்கள். மாலைக்கு மேல் தேநீரையும் காப்பியையும் குறையுங்கள். மலச்சிக்கலும் பீடி இருமலும் தசையை ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடங்கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்வது பொத்தல் படகில் நீர் இறைப்பது போன்றதே. நனைந்த துணியைக் கண்டு முகம் சுளிக்கும் மருமகளுக்குப் பத்துப் பயிற்சி சொன்னாலும் தகும்.

பங்கு மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலயங்களுக்கு இலட்சக்கணக்கில் செலவிட்டு முகப்புக் கட்டுகின்றோம். முதியவர் பத்தடி நடந்து சேரத்தக்க தூய கழிப்பறை எத்தனை ஆலயங்களில் இருக்கின்றது? பக்கவாட்டு வாயிலருகே இரண்டு நீண்ட இருக்கைகளை அவர்களுக்கென ஒதுக்குவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நேர்ச்சைக்காக உவரியில் இரவு தங்கும் குடும்பங்கள், உடன் வந்த தாத்தாவைக் கழிப்பறைக்கு அருகில் படுக்க வைப்பதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். அவர் கேட்க நினைத்துக் கேளாமலிருப்பது அதுவாகவே இருக்கும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் காணாதவர் மீண்டும் மருத்துவரிடமே செல்ல வேண்டும். துடிக்கும் பையை அமைதிப்படுத்த மருந்துகள் உண்டு. ஓராண்டு கடந்தும் கடுமையாக ஒழுகுபவர்க்கு, மடைக்குப் பதிலாகச் செயற்கை மடை பொருத்தும் அறுவையும் 1970களிலிருந்து நடைமுறையில் உள்ளது; செலவு மிகுந்தது, பெருநகரங்களிலேயே கிடைப்பது.

பெரியவருக்கு முழுக் குணம் ஏற்பட்டது என்று எழுத நமக்கு ஆசைதான். நாளுக்கு நான்கு வேட்டி மாற்றியவர் இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றார். வெளியே கிளம்பும்போது உள்ளாடையில் ஒரு துணி மடிப்பு இன்னும் உண்டு. சென்ற முறை உவரிக்குச் சேர்ந்து போயிருந்தோம். பூசை மணி அடிப்பதற்குக் கால்மணி முன்பாகக் கடையில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்து முடித்து, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.